மூன்று பேருக்கு இரண்டு கூடாரம்

லண்டனுக்கு வந்த புதிதில் நானும் என் சிநேகிதியும் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலிருந்த சின்ன அறையில் இரண்டு வருடம் ஒன்றாக இருந்தோம். இருவருக்கும் ஒரு கட்டில், ஒரு தடித்த கோட். யாருக்கு ஷிப்டோ அவள் அதைப் போட்டுக்கொண்டு போவாள். அவள் மேல் எனக்கு ஒரு உரிமை இருக்கிறது என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் போட வட லண்டன் எட்மண்டனிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

மன்னார்ப் பெண், எங்களைவிடப் பத்து வயது இளையவள், ஆஸ்பத்திரியில் தாதி. சிநேகிதிக்கு வேலையிடத்தில் பழக்கமானவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போகும் நடைக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் வாரம் அவளை "நீங்கள்" என்றாள். மூன்றாம் வாரமே, நெருங்கிய ஆளைக் கூப்பிடுவதுபோல, "நீர்" என்றாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

பாலைவனத்துக்குப் போகும் யோசனையும் அந்தத் தாதியுடையதுதான்.

"ஜோர்தானில பாலைவனத்துக்குள்ள ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்காம் அக்கா. முதுகில சாமானைக் கட்டிக்கொண்டு நடந்துபோய் ஒரு இரவு தங்கிட்டு வரலாம்."

"பாம்புக்கும் தேளுக்கும் நடுவில படுக்க எனக்கென்ன விசரோ?" என்றேன்.

"அப்ப நீ நில். நாங்கள் ரெண்டு பேரும் போட்டு வாறம்," என்றாள் சிநேகிதி.

அந்த "ரெண்டு பேரும்" போதும். அன்றைக்கே நானும் பெயரைக் கொடுத்தேன்.

பாரம் சுமந்து பழக வேண்டுமென்று முதுகுப் பைக்குள் ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஆற்றங்கரையோரமாக நடந்தோம். நாயோடு வந்த வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு நாள் சிநேகிதி களைத்துப்போக, தாதி அவளுடைய பையையும் வாங்கித் தோளில் போட்டாள். அடுத்த வாரம் நான் அரிசியோடு இரண்டு கிலோ பருப்பையும் சேர்த்துச் சுமந்தேன். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சிவந்த பாறைச் சுவர், நடுவில் காய்ந்துபோன ஆற்றுப் படுகை, மேலே ஒரு துண்டு வானம். ஆனால் பாறையை நான் பார்த்தது குறைவு. எனக்கு முன்னால் சேர்ந்து நடந்த இரண்டு முதுகுகளைத்தான் வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு போனேன்.

உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. எல்லாம் நாங்கள் சுமந்து போனதுதான். பின்னேரம் தங்கும் இடத்துக்குப் போனதும் எங்கள் வழிகாட்டி, நரைத்த தாடிக்காரர், நான்கு பெரிய போத்தல்களைத் தனியாக ஒரு பாறையடியில் வைத்தார். நாளைக்குத் திரும்பி நடக்க ஆளுக்கு ஒன்று, அதுவரை தொடக்கூடாது என்றார்.

அவர் வெளியே படுப்பார். எங்களுக்கு இரண்டு கூடாரம், ஒன்றில் இருவர், மற்றதில் ஒருவர். நான் கேட்காமலே பெரியதற்குள் என் பையை வைத்துவிட்டேன்.

"நீ குறட்டை விடுவாய். நாளைக்கு நடக்கோணும், எனக்கு நித்திரை வேணும். நீ அதில படு," என்று சிநேகிதி என் பையைத் தூக்கிச் சின்னக் கூடாரத்துக்குள் வைத்தாள். அதே குறட்டைக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் நன்றாகத் தூங்கியவள் அவள். அவர்கள் குசுகுசுத்துச் சிரிக்கிற சத்தம் நெடுநேரம் எனக்குக் கேட்டது.

விடிந்ததும் எனக்கு ஒரு அவசரம். குழி தோண்டி, வேலை முடிந்ததும் கடதாசியை ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது வழிகாட்டியின் சட்டம். முப்பது வருடம் லண்டனில் இருந்தும் எனக்கும் கடதாசிக்கும் ஒத்துவரவில்லை. என் வீட்டுக் கழிப்பறையில் இன்றைக்கும் கழுவத் தண்ணீர் பிடிக்க ஒரு வெறும் ஜூஸ் போத்தல் நிற்கிறது. ஈஸ்ட் ஹாம் அறைக் காலத்துப் பழக்கம். கை தன்பாட்டில் பாறையடிப் போத்தல் ஒன்றை எடுத்தது. கொஞ்சம்தான் என்று நினைத்தேன். கழுவி முடிந்தபோது போத்தல் காலி.

புறப்படும் நேரம் வழிகாட்டி பார்த்தார். மூன்று போத்தல்தான் இருந்தது. யார் எடுத்தது என்று கேட்டார். வெறும் போத்தல் என் பைக்குள் இருக்க, நான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் அக்கா. தாகமா இருந்தது, குடிச்சிட்டன்," என்றாள் தாதி, சிநேகிதியைப் பார்த்து.

"அறிவிருக்கோ உமக்கு? பாலைவனத்தில செய்யிற வேலையே இது?" என்று சிநேகிதி பொரிந்து தள்ளினாள்.

தாதி ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. நல்லவள் வேஷம் போடுகிறாள், போடட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். அந்த ஏச்சு ஒவ்வொன்றும் காதில் இனித்தது.

திரும்பி வரும் மூன்று மணித்தியாலமும் சிநேகிதி என்னோடு நடந்தாள். பழைய அறையைப் பற்றி, அந்தக் கோட்டைப் பற்றிக் கதைத்துச் சிரித்தோம். தாதி பின்னால் தனியே வந்தாள். போத்தலைக் கொடுத்தபோதெல்லாம் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். றோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய உதடு வெடித்திருந்தது. அதைப் பார்த்தும் என் சந்தோஷம் குறையவில்லை.

லண்டன் வந்து இரண்டு வாரம் கழித்து, சிநேகிதி வீட்டுக் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உன்ர ஆளை நம்பி இனி ஒரு இடமும் போகேலாது. எங்கட தண்ணியைக் குடிச்சு முடிச்சவ எல்லோ," என்றேன்.

அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"விசரி, அது நீ எண்டு எனக்குத் தெரியாதே? ரெண்டு வருஷம் ஒரே போத்தலோட கக்கூசுக்குப் போய் வந்தனாங்கள். விடிய நீ பாறைக்குப் பின்னால போத்தலோட போனதை நாங்கள் ரெண்டு பேரும் கூடாரத்துக்குள்ள இருந்து பாத்தனாங்கள்."

"அப்ப அவ ஏன் தான் குடிச்சதெண்டு சொன்னவ?" என்றேன்.

"'அந்த வழிகாட்டி மனுசனுக்கு முன்னால அக்கா வெக்கப்படுவா, நான் குடிச்சனான் எண்டு சொல்லுறன், நீங்கள் என்னை ஏசுங்கோ' எண்டு அவதான் சொன்னவ. 'போகேக்க அக்காவோட நடவுங்கோ, தனிய விடாதேங்கோ' எண்டும் சொன்னவ."

நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டும் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் வெடித்த உதடும் கண்ணுக்குள் வந்தது. ஆனால் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஏச்சும் அந்த மூன்று மணித்தியாலமும் அவள் சொல்லிக் கொடுத்துத்தான் எனக்குக் கிடைத்தன என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேற என்ன கதைச்சனீங்கள், அந்தக் கூடாரத்துக்குள்ள?" என்று கேட்டேன்.