ஆற்றங்கரையில் புத்தகம் படித்த சகுந்தலா அக்கா

சகுந்தலா அக்கா சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தம் வீட்டில் காலமானார். நெஞ்சுவலி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

கிள்ளானில் என் ஹார்டுவேர் கடையில் ஒரு கட்டடக் குத்தகையாளருக்குக் கம்பி விலை சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அக்காவின் கணவர் பாலா. "அண்ணே, கடைய அடைச்சிட்டு வாங்க" என்றார். பாலா யாரையும் கடை அடைக்கச் சொல்கிற மனிதர் அல்ல. எனக்குப் புரிந்துவிட்டது. விலை கேட்டு நின்றவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தகனம் முடிந்து வீடு திரும்பியதும் பாலா என்னைத் தனியே அழைத்தார். "அவளோட ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவங்க எல்லாரும் அவளப் புகழ்ந்துதான் எழுதுவாங்க. அவளோட சண்டை போட்டது நீங்க ஒருத்தர்தான். நீங்க எழுதுங்க" என்றார். எனக்கு விலைப்பட்டியல்தான் எழுதத் தெரியும். இருந்தாலும் அவர் சொன்னது உண்மை என்பதால் எழுதுகிறேன்.

அக்கா கட்டடக் கலைஞர். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வரைபட வேலை. மாதம் ஒரு ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், கட்டடங்களையும் நகரங்களையும் பற்றிய புத்தகங்களை எடுத்து வைத்துப் பேசுவார். யாரும் வரலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு விதி உண்டு: வந்தவர் கேள்வி கேட்காமல் போகக் கூடாது.

நான் அங்கே போனது தவறுதலாக. எண்பதுகளின் தொடக்கம் அது. தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு: ஆற்றோர நகர அமைப்பு பற்றிய பொதுக்கூட்டம், அனைவரும் வரலாம். இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்தால் ஹார்டுவேர் வியாபாரி என்ன நினைப்பான்? ஆற்றங்கரையில் ஏதோ பெரிய வேலை வருகிறது, சாமான் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். விசிட்டிங் கார்டு ஒரு கட்டு, விலைப்பட்டியல், கைப்பிடிக்குப் போடும் இரும்புக் குழாயில் ஒரு முழம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டை கட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ரயில்வே குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ஒரு தையல்காரர் என்று இருபது பேர் இருந்தார்கள். முன்னால் கைத்தறிச் சேலையில் ஓர் அம்மாள், ஐரோப்பிய நகரம் ஒன்றின் ஆற்றங்கரையைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தைப் படம் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். டெண்டர் பற்றிப் பேசுவார் பேசுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் பக்கத்திலிருந்த தையல்காரரிடம், "டெண்டர் பாரம் யார்கிட்ட வாங்கணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கூட்டமே நின்றுவிட்டது.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க சார்?" என்று அக்கா முன்னாலிருந்து கேட்டார்.

"குழாய், மேடம். கைப்பிடிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் இறங்கி வந்து குழாயைக் கையில் வாங்கினார். "மத்தியான வெயில்ல இது எவ்வளவு சுடும்?"

"தெரியாது மேடம். யாரும் கேட்டதில்ல."

"வருஷக்கணக்கா விக்கிறீங்க. ஒரு தடவகூட தொட்டுப் பாத்ததில்லையா?"

"நாங்க கையுறை போட்டுத்தான் தூக்குவோம்."

"பாலத்துல சாஞ்சு நிக்கிறவன் கையுறை போட்டுட்டா வருவான்? அடுத்த மாசம் பதிலோட வாங்க."

அடுத்த மாதம் வா என்று வியாபாரியிடம் சொன்னால் அவன் வந்துவிடுவான். கடை வாசலில் வெயிலில் நான்கு வகைக் குழாய்களை நட்டு, வருகிற வாடிக்கையாளர்களை எல்லாம் தொட வைத்தேன். சிலர் என்னைத் திட்டினார்கள். எது சுடுகிறது, எது பொறுக்கலாம், மேலே மரச்சட்டம் வைத்தால் எப்படி என்று எல்லாம் கூட்டத்தில் போய்ச் சொன்னேன். அக்கா பத்து நிமிடம் எனக்கே மேடையைக் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'முதலாளி'. எனக்கு அவர் 'அக்கா'.

அவர் புத்தகம் படிக்கும் முறையே தனி. சில பக்கங்கள் சொல்வார். மூடி வைப்பார். "இது நம்ம ஊர்ல நிக்குமா?" என்பார். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸின் பின்புறம் சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே ஓடும் கிள்ளான் ஆற்றுக்குப் போவார். பெரிய லோங்காங், அதாவது திறந்த சாக்கடை மாதிரி இருக்கும். அதன் கரையில் நின்று புத்தகத்தை மறுபடி திறப்பார். ஒரு நாள் யாரோ அலுத்துக்கொண்டு, "இந்தச் சாக்கடைக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் அக்கா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "எழுதினவரு நம்ம ஆத்தப் பாக்கல. நாம பாத்துட்டோம். அப்ப மிச்சத்த நாமதான் எழுதணும்."

நான் சும்மா இருக்கவில்லை. "நீங்க இங்க வீசுறதெல்லாம் எங்க ஊருக்குத்தான் வருது. ஒரு தடவ வந்து பாருங்க" என்றேன். அடுத்த கூட்டம் கிள்ளானில், என் கடைக்குப் பின்னால் என்று முடிவாயிற்று.

எங்கள் வரிசைக் கடைகள் எல்லாமே ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவை. பின்னால் சேறு, புல், உடைந்த பெட்டிகள். அக்கா வந்ததும் கரையில் கீழே சமமாக இருந்த இடத்தைப் பார்த்து நாற்காலிகளைப் போடச் சொன்னார். நான் டீ வாங்கப் போனவன் திரும்பி வந்து, "அக்கா, அங்க வேணாம், தண்ணி வரும்" என்றேன். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். மேகமே இல்லை. "மழ இல்ல முதலாளி, உக்காருங்க" என்றார் தையல்காரர். கடல் எங்கள் ஊருக்குப் பக்கம். அலை ஏறினால் ஆறு திரும்பி மேலே வரும். ஒரே பக்கம் ஓடும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை வாயால் சொன்னால் ஏறுமா? நான் மேட்டில் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது பக்கம் படிக்கும்போது முன்வரிசையில் செருப்பு மிதந்தது. எல்லோரும் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு கத்தினார்கள். அக்கா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, புத்தகத்தை மற்றக் கையால் தலைக்கு மேல் உயர்த்தியபடி, கணுக்கால் தண்ணீரில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "யாரும் எழுந்திரிக்காதீங்க! எங்க வந்து நிக்குதுன்னு பாப்போம்!"

"முட்டி வரைக்கும் வரும் அக்கா" என்றேன் மேட்டிலிருந்து.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே. நீங்கதான் மேல பாத்தீங்க."

அதற்குப் பிறகு அவருக்கு அந்தக் கரைமேல் ஒரு கண் விழுந்துவிட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோதுகூட, காவடிக்கு முன் ஆற்றில் குளிக்க இறங்குகிறவர்களையே பார்த்து நின்றார். வயதானவர்கள் எங்கே காலை வைக்கிறார்கள், ஈரச் சேலையோடு பெண்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, குனிந்து படியின் உயரத்தைக் கையால் சாண் போட்டார். "கும்பிட வந்தீங்களா, அளக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். "முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு முதலாளி. அவரே மலை மேல வீடு கட்டினவருதான்" என்றார்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து, பின்புறக் கரையைச் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டுச் சுத்தப்படுத்துவது என்று முடிவு செய்தோம். பெர்மிட் கிடைத்தது. அக்கா கூலி வாங்காமல் வரைந்து தருவதாகச் சொன்னார். கம்பித் தடுப்பு சப்ளை என் கடை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நீளமாக விலை போட்டு வைத்திருந்தேன். நல்ல ஆர்டர்.

வரைபடத்தை எங்கள் கடைக்காரர் சங்க மண்டபத்தில், கிள்ளான்காரர்கள் முன்னிலையில் பொதுக்கூட்டமாகவே வைத்துக் காட்டினார். நடுவில் தடுப்பு இல்லை. அந்த இடத்தில் அகலமான படிகள் தண்ணீருக்குள் இறங்கின.

நான் எழுந்தேன். "பிள்ளைங்க விழுந்தா யார் பதில் சொல்றது?"

"இப்ப தடுப்பே இல்ல. இப்ப விழுதா?"

"இப்ப யாரும் போறதில்ல. நீங்க பாத போட்டா போவாங்க."

"போகத்தானே போடுறோம்?"

"அக்கா, படத்துல அழகா இருக்கும். சேத்துல வழுக்கும். எங்க ஊரு ஆத்துக்கு ஏற்றவத்தம் உண்டு. உங்களுக்கு அது நல்லாத் தெரியும்."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "உங்க ஆர்டர்ல ஒரு துண்டு குறையுது. அத நேராச் சொல்லுங்க முதலாளி" என்றார்.

"குறையுதுதான். நான் ஏன் மறைக்கணும்? ஆனா விழுந்தா சாவும் நிஜம்தான்."

கடைக்காரர்கள் என் பக்கம் சாய்ந்தார்கள். படி வேண்டாம் என்று ஆகும் நிலை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். அக்கா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். பல வாரங்கள் பேச்சில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார். கல்லாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆபீஸ்ல நான் என்ன வரையறேன் தெரியுமா? கார் பார்க். இத்தன வருஷமா கார் பார்க். ஞாயித்துக்கிழமையில மத்தவங்க கட்டின படியப் பத்திப் படிச்சுக் காட்டுறேன். தண்ணி ஓரத்துல என் கையால ஒண்ணே ஒண்ணு கட்டணும் முதலாளி. இந்த ஊர்ல இல்லன்னா வேற எங்கயும் இல்ல" என்றார்.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்துக்காக நான் முடிவை மாற்றுகிறவன் இல்லை. அது அவருக்கும் தெரியும். அதனால் அவர் கெஞ்சவில்லை. "கயிறு ஒரு சுருள் குடுங்க. தடுப்பு வர்ற இடத்துல கட்டுவோம். நடுவுல இடைவெளி விடுவோம். இன்னைக்கு சாயந்தரம் ரெண்டு பேரும் உங்க பின்வாசல்ல உக்காந்து பாப்போம். யாருமே இறங்கலன்னா வரைபடத்த நானே கிழிச்சிடறேன்."

கயிற்றுக்குக் காசு வாங்கினேன். அவரும் கொடுத்தார்.

கட்டிவிட்டு உட்கார்ந்தோம். சிலர் வந்து கயிற்றருகே நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் இறங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பழைய மாலைகளைப் பையோடு கயிற்றுக்கு மேலாக வீசினார். அலை இறங்கியிருந்த நேரம். பை சேற்றில் விழுந்து கிடந்தது. "பாத்தீங்களா, யாருக்கும் இறங்க வேண்டிய வேல இல்ல" என்றேன். அக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் மனைவி செல்வி உள்ளேயிருந்து வந்தாள். கையில் கடை சாமி படங்களிலிருந்து கழற்றிய பூ. எங்களைத் தாண்டி, கயிற்றைப் பார்த்து, அதன் ஓரமாகவே நடந்து இடைவெளிக்குப் போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழுக்கும் சேற்றில் ஒரு கையை ஊன்றி ஊன்றி இறங்கினாள். தண்ணீர் தொடும் இடம் வரை போய், குனிந்து, பூவை மெல்ல விட்டாள். வாரா வாரம் பூ எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை.

அவள் மூச்சு வாங்க ஏறி வந்ததும் அக்கா கேட்டார்: "ஏன் செல்வி, மேல நின்னே போட்டிருக்கலாமே?"

"சாமிக்குச் சாத்தின பூவ வீசி எறிவாங்களாக்கா? இந்தக் கடைக்காரங்களுக்குத்தான் அந்தப் பழக்கம்."

"கம்பி போட்டுட்டா என்ன செய்வ?"

"ஏறிக் குதிச்சுதான் போகணும். யாரு கம்பி போடறது?"

அக்கா என்னைப் பார்த்தார். செல்வியும் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"கொஞ்சம் யோசிங்க லா முதலாளி" என்றார் அக்கா, மிக மரியாதையாக.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து படி வேண்டும் என்று சொன்னேன். கட்டினோம். படியில் சேறு படியத்தான் செய்கிறது. அதைப் பற்றி நான் சொன்னதும் சரிதான். ஆனால் இன்றுவரை அங்கே யாரும் விழுந்து அடிபட்டதில்லை. பெண்கள் பூக்களோடு போய் வருகிறார்கள். மாலையில் சும்மா உட்காருகிறவர்களும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து மாணவர்கள் வந்து படம் எடுக்கும்போது, வரைந்தவர் யார் என்று அக்காவின் பெயரை நான் சொல்வேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தேன். எதை விற்பதற்கும் முன்னால் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்க்கிற பழக்கம் ஒன்று. இன்னொன்று, அந்த வெள்ளிக்கிழமை மாலை செல்வி உள்ளே போன பிறகு பின்வாசலில் நானும் அக்காவும் வாய்வார்த்தையாகப் பேசி முடித்த ஒப்பந்தம். ஒரு தரப்பு இன்று உயிரோடு இல்லை என்பதால் அது காலாவதியாகாது என்று எங்கள் வரிசைக்காரர்களுக்கும், இதைப் படிக்கும் கூட்டத்து நண்பர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். பேசியது இவ்வளவுதான்: படியின் அகலம் பன்னிரண்டு அடி. இரண்டு ஓரமும் கைப்பிடி, மேலே மரச்சட்டம், என் கடைச் சரக்கு, என் விலை, தள்ளுபடி கிடையாது. கேட் கிடையாது, பூட்டு கிடையாது. ஒவ்வொரு பெரிய அலைக்குப் பிறகும் சேறு கழுவுவது என் பொறுப்பு, அதற்குக் கூலி கேட்கக் கூடாது.