காக்காவின் அமெரிக்க றேடியோ

அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்து றேடியோவில் ஒரு மனிதர் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அந்த மெத்தை எவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த என் மூத்த சகோதரர், காக்கா, இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்.

"மெத்தைய விடு புள்ள. அந்த ஃப்ரீ கிக் என்ன நடந்த? அடிச்சானா இல்லையா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். சின்ன வயதில் காக்காவின் சேறு பிடித்த காலுறைகளை உம்மாவும் நானும் மாறி மாறித் தோய்த்ததோடு எனக்கும் உதைபந்துக்கும் இருந்த உறவு முடிந்திருந்தது. விளம்பரம் ஓய்ந்ததும் அந்த அமெரிக்கர், பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டதாக அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். காக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். மறுகணமே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

காக்கா கல்முனைக் கடற்கரைப் பக்கத்துக் கழகமொன்றில் பல வருடம் கோல் கீப்பராக நின்றவர். கல்யாணம் முடித்து மதினியின் வீட்டுக்குப் போனார். அது எங்கள் வீட்டிலிருந்து அடுத்த ஒழுங்கைதான். பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்தார். ஆட்டத்தை விட்ட பிறகும் பின்னேரங்களில் கடையை மதினியின் பொறுப்பில் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருக்கு நாற்பது வயதிலேயே வந்தது. மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போடமாட்டார். முதலில் ஒரு கண்ணில் புகை மாதிரி மறைக்கிறது என்றார். மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் கொண்டுபோய்க் காட்டினோம், லேசர் பிடித்தார்கள், சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒரு கண் போய் அடுத்த நோன்பு வருமுன்னே மற்றக் கண்ணும் போய்விட்டது.

பள்ளிவாசலுக்கும் கடைக்கும் வழி பழகிக்கொண்டார். மதினி எந்தச் சாமானை எங்கே வைத்தாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை உடைத்தது உதைபந்துதான். தொலைக்காட்சியில் ஆட்டம் போட்டுவிட்டால், அதில் கதைக்கிறவர்கள் பார்க்கிறவர்களுக்காகவே கதைத்தார்கள். "ஆகா, என்ன ஒரு அடி!" என்பார்கள். எங்கிருந்து, யார், எந்தப் பக்கம் என்று ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதைவிட மோசம் அவருடைய கூட்டாளிமார். முன்பெல்லாம் ஒரு பெனால்டிக்காக இரண்டு வாரம் முகம் பார்க்காமல் திரிந்தவர்கள், இப்போது வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, காக்கா எதைச் சொன்னாலும் "ஓம் மச்சான், நீ சொல்றதுதான் சரி" என்று தலையாட்டினார்கள். ஒருநாள் அவர்கள் போன பிறகு காக்கா என்னிடம் கேட்டார்: "நான் என்ன மௌத்தாப் போனவனா? மையித்து வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்த மாதிரிக் கதைக்கிறானுகள்."

அந்தக் கூட்டாளிமாரில் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒரே கழகத்தில் முன்வரிசையில் ஆடியவர், வீசா கிடைத்துப் போய் அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் இருக்கிற நகரத்துக்கும் ஒரு உதைபந்து அணி உண்டு. அந்த அணியின் ரசிகர்களோடு கொடி பிடித்துக்கொண்டு மைதானத்தில் நிற்கிற படங்களை அவர் அனுப்புவார். கூடவே முறைப்பாடும் வரும். அங்கத்தைய றேடியோக்காரர்களுக்கு நம்முடைய ஆட்டம் கண்ணிலேயே படாது, மற்ற ஆட்டங்களின் கதையெல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால்தான் நமக்கு ஒரு வரி என்று குரல் பதிவு அனுப்புவார். நம்மூரில் இருந்து போனவர், மெக்சிக்கோக்காரர், ஆப்பிரிக்காக்காரர் என்று எல்லாரும் அதைப் பற்றியே அங்கே பொருமிக்கொண்டிருப்பார்களாம். ஒருநாள் பகிடிக்கு என்று ஒரு இணைப்பை எங்களூர்க் கழகத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அந்த நகரத்து றேடியோவில் அணியின் ஆட்டத்தை நேரடியாக வர்ணிக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சிரியுங்கள் என்று.

எல்லாரும் கேட்டார்கள், சிரித்தார்கள். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க மட்டையால் அடிக்கிற அவர்களுடைய ஆட்டத்தை வர்ணித்தவர் போலிருக்கிறது. சமநிலையை 'டை' என்றார். கோர்னர் கிடைத்தால் கோலே போட்டமாதிரிக் கத்தினார். நடுவில் மெத்தை, பற்பசை, கூரைத் தகடு எல்லாம் விற்றார். குழுவில் இரண்டு நாள் அதுவே கதை.

காக்கா சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர்களுக்கு அங்கே முன்னிரவு என்றால் நமக்கு விடிகிற நேரம். சுபஹ் தொழுதுவிட்டு அவர் முற்றத்துக் கதிரையில் வந்து இருப்பார், நான் பாடசாலைக்குப் போகுமுன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பேன். பந்து வலப்பக்கக் கோட்டோரம் இருக்கிறது என்றேன். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் மறிக்கிறார்கள். பின்னால் தட்டுகிறான். கோல் கீப்பர் ஆறடி முன்னால் வந்து நிற்கிறான். காற்று இடமிருந்து அடிக்கிறது, மூலைக் கொடி படபடக்கிறது. நான் சொல்லச் சொல்ல, மடியில் கிடந்த காக்காவின் கைகள் மெல்ல மேலெழுந்து விரிந்ததைக் கண்டேன். கம்பத்துக்குக் கீழே நிற்கிறவனின் கைகள் அவை.

"இந்த மனுசனுக்கு ஆட்டம் பெரிசாத் தெரியா. ஆனா பந்து எங்க நிக்குதெண்டு சொல்றான்" என்றார் காக்கா. "றேடியோ கேக்கிறவனுக்குத் தெரியாதெண்ட நினைப்பு அவனுக்கு இருக்கு."

இதையே அவர் குழுவுக்கும் குரல் பதிவாகப் போட்டார். நீங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்துக்கொண்டு காதால் கேட்கிறவர்கள், அதனால்தான் அந்த மனிதர் சொல்கிற சொற்களைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், எனக்கு அவர் போதும் என்றார். "சரி மச்சான்" என்று வரிசையாக வந்தது. காக்காவுக்கு அதில்தான் எரிச்சல்.

அப்படி ஒரு பருவகாலம் முழுக்கக் கேட்டோம். ஆட்டம் எனக்கும் கொஞ்சம் பிடிபடத் தொடங்கியது. ஒருநாள் இரண்டு அணியும் சமமாக நிற்கிறது, முடிய இன்னும் சொற்ப நேரம், எங்கள் ஆளுக்கு ஒரு பெனால்டி. காக்கா எழும்பி நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து றேடியோ ஆட்டத்தை வெட்டிவிட்டு, வேறொரு ஆட்டத்தின் முன்னோட்டக் கதைக்குப் போய்விட்டது! வர்ணனையாளர் வசனத்தின் பாதியில் காணாமற்போனார். நான் ஃபோனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். "என்னெண்டு சொல்லு புள்ள" என்று காக்கா கேட்டுக்கொண்டே நின்றார். அன்று அவர் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அமெரிக்காவில் அதைவிடக் கொதிப்பாம். மறுநாள் நேயர்கள் கதைக்கிற நேரத்தில் ரசிகர்கள் விடாமல் றேடியோவுக்கு ஃபோன் அடித்திருக்கிறார்கள். வாடகைக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு எங்கள் கூட்டாளியும் அடித்தார். அவர் சண்டை பிடிக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் கண் தெரியாத ஒரு கோல் கீப்பர் இருக்கிறார், உங்களுடைய வர்ணனையாளரின் குரலைக் கேட்டுத்தான் அவர் ஆட்டம் பார்க்கிறார், அந்தப் பெனால்டி என்னவானது என்று அவருக்கு நீங்கள் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த ஆட்டம் தொடங்கியபோது வர்ணனையாளர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. 'கால்மூனே' என்றார். எங்கள் ஊர்ப் பெயர் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. "கால்மூனேயில் இருக்கும் கோல் கீப்பருக்கு: போன ஆட்டத்துப் பெனால்டியை உங்களைப் போல ஒரு கோல் கீப்பர் பிடித்துவிட்டான், வலப்பக்கம் பாய்ந்து, ஒற்றைக் கையால். இன்றைக்கு நம்மவர்கள் இடமிருந்து வலமாக ஆடுகிறார்கள்." நான் இதைச் சொல்ல முயன்று குரல் உடைந்து நின்றுவிட்டேன்.

"அழாத புள்ள. அடுத்ததச் சொல்லு, பந்து போயிட்டிருக்கும்" என்றார் காக்கா. அவருடைய கன்னமும் நனைந்துதான் இருந்தது.

அடுத்த வருடம் அந்த றேடியோ உதைபந்து வர்ணனையையே நிறுத்திவிட்டது. இனித் தொலைக்காட்சியில் படத்தோடு மட்டும்தான் என்றார்கள். அங்கே ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே பதாகை பிடித்தார்களாம். ஒன்றும் நடக்கவில்லை. காக்கா சுபஹுக்குப் பிறகு வழக்கம்போல முற்றத்தில் வந்து இருப்பார், நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன், இருவரும் தேத்தண்ணி குடிப்போம். அப்படி ஒரு காலையில்தான் கேட்டார்: "நம்மட மைதானத்தில டோர்ணமென்ட் தொடங்குது. நீ வந்து சொல்லுவியா?"

நாற்பதைத் தாண்டிய ஒரு ஆசிரியை, ஆம்பிளைகள் நிறைந்த மைதானத்தில்! மதினிதான் வழி சொன்னார். கோட்டோரமாக ஒரு முச்சக்கர வண்டியை நிறுத்தி, பின் ஆசனத்தில் காக்காவும் நானும். தொடக்கத்தில் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. என் மாணவன் ஒருவன் விழுந்தால் "ஐயோ, பாவம்" என்பேன். கோல் விழுந்தால் "எல்லாரும் கத்துறாங்க காக்கா" என்பேன். "சத்தம் எனக்கும் கேக்குது. பந்து எங்க?" என்று அதட்டுவார். நான் அந்த அமெரிக்கரை நினைத்துக்கொள்வேன். எங்கே, யார், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கு வந்தது. மெத்தை மட்டும்தான் விற்கவில்லை.

சென்ற மாதம் அமெரிக்காக் கூட்டாளி விடுமுறையில் வந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவரும் காக்காவிடம் மெத்தென்றுதான் கதைத்தார், எதற்கும் தலையாட்டினார். இறுதி ஆட்டத்துக்கு எங்கள் வண்டியின் முன் ஆசனத்தில் வந்து ஏறிக்கொண்டார். அவருடைய ஃபோன் விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. எதிரணி பக்கத்து ஊரான மருதமுனைப் பிள்ளைகள். முடிகிற நேரம் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நான் கண்டபடியே சொன்னேன்: பந்து நடுவிலிருந்து உதைக்கப்பட்டபோது மஞ்சள் சட்டைக்காரன் நம்முடைய கடைசி ஆளுக்கு அப்பால் தனியே நின்றான், ஓடி எடுத்து இடது மூலையால் அடித்தான்.

"ஓஃப்சைட்!" என்று காக்கா கத்தினார்.

"என்ன ஓஃப்சைட்?" கூட்டாளி முழு உடம்போடு திரும்பினார். "நேரா நிண்டவன்! சுத்தமான கோல்!"

"பந்து கிளம்பக்குள்ளயே அவன் அங்கால நிண்டவன்டா!"

"அங்கால நிண்டத நீ கண்ணால கண்டியா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிப்போய்விட்டது. "மச்சான், நான்..." என்று அவர் தடுமாறத் தொடங்க, காக்கா முன்னால் குனிந்து அவருடைய தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஓம்டா, கண்டன்! உன்ன விட நல்லாக் கண்டன். நீ ஃபோனுக்குள்ள கிடந்தாய். மன்னிப்புக் கின்னிப்புக் கேக்காம ஓஃப்சைட்டா இல்லையா, அதக் கதை!"

இத்தனை வருடத்துக்குப் பின், மரியாதையெல்லாம் பறக்க, கூட்டாளியும் கத்தத் தொடங்கினார். ஆட்டம் முடிந்தது, கிண்ணம் கொடுத்தார்கள், சனம் கலைந்தது. இவர்கள் கலையவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது கொஞ்சம் அடங்கினார்கள். தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பிடித்தார்கள். காக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லு தங்கச்சி, நீதானே பாத்த ஆள்" என்றார் கூட்டாளி. "ஓம், அவளையே கேள்" என்றார் காக்கா. இருவரும் தோற்காதபடி நான் நன்றாக யோசித்து, பந்து கிளம்பிய நேரம் மஞ்சள் சட்டைக்காரனின் ஒரு கால் அங்காலும் ஒரு கால் இங்காலும் இருந்ததாகச் சொன்னேன்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசினார்கள்.