இரண்டு கிண்ணம் புடலங்காய்

என் அப்பாவின் நாக்குக்கு எங்கள் சந்தில் தனி மரியாதை இருந்தது. அவருக்குப் பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. நாளெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியோடும் பச்சைத் தோலோடும் கிடந்துவிட்டு வருகிறவருக்கு மூக்கு என்று ஒன்று மிச்சமிருந்தால் அதுவே அதிசயம் என்று பெரியப்பா கேலி செய்வார். ஆனால் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அப்பா வேறு ஆள். ரசத்தை ஒரு வாய் உறிஞ்சியதும், "மல்லி இன்னைக்கு வேற கடையில வாங்குனியோ?" என்று கேட்பார். அம்மா அசந்துபோவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் குழம்பு வைத்தால் ஒரு கரண்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பா என்ன சொல்கிறார் என்று வாசலிலேயே நின்று கேட்டுப்போவார்கள்.

அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதானபோது, அப்பாவுக்கு விவசாய ஆசை வந்தது. எங்களுக்கு இருந்த நிலம் வாசற்படிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழம். அம்பர்நாத்தில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் நாலு புடலை விதை கொடுத்தார். முதல் மழைக்கு அவற்றை ஊன்றி, மூங்கிலும் கயிறும் கொண்டு வாசலுக்கு மேலே அப்பா ஒரு பந்தல் போட்டார். அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். ஊற்றுகிற வேலை என்னுடையது. சந்தில் போகிற உயரமானவர்கள் தலையைக் குனிந்து, அப்பாவைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஏகப்பட்ட பூ பூத்தது. பிஞ்சுகளெல்லாம் வெம்பி விழுந்து, கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா வந்திருந்தார். அப்பாவுக்கு அண்ணன். ஓர் ஆபீசில் வேலை, முலுண்டில் மாடிக் கட்டிடத்தில் வீடு. எதையும் கடையில், அதுவும் பேரம் பேசி வாங்குவதில்தான் மனிதனின் சாமர்த்தியம் இருக்கிறது என்று நம்புகிறவர். பந்தலைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏல, காய்னா காய்தான். கடையில வாங்கினா என்ன, கூரையில காய்ச்சா என்ன? வயித்துக்குத் தெரியவா போகுது?"

"வயித்துக்குத் தெரியாதுண்ணே. நாக்குக்குத் தெரியும்" என்றார் அப்பா.

பேச்சு வளர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வரும்போது முனைக்கடையில் ஒரு புடலங்காய் வாங்கிவர வேண்டியது, அம்மா இரண்டையும் ஒரே பக்குவத்தில் சமைக்க வேண்டியது, எது எந்தக் காய் என்று தெரியாமல் தின்று அப்பா சொல்லவேண்டியது என்று முடிவாயிற்று. தப்பாகச் சொன்னால் பந்தலைப் பிரித்துவிடுவதாக அப்பா வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சந்து முழுக்க இதே பேச்சாகிவிட்டது.

புடலங்காய் சுருளாமல் நேராக வளர அதன் நுனியில் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அப்பாவும் கட்டியிருந்தார். எனக்கோ காய் இன்னும் நீளமாக இருந்தால் பெரியப்பாவின் வாயை அடைத்துவிடலாம் என்று ஆசை. சின்னக் கல்லுக்கு இவ்வளவு நீளம் என்றால் பெரிய கல்லுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனதும், ரயில் தண்டவாளத்தில் பொறுக்கிய ஜல்லிக்கல் ஒன்றைக் கட்டிவிட்டேன். மத்தியானம் பொத்தென்று சத்தம் கேட்டது. காம்பு அறுந்து, காய் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

அம்மா ரேஷன் வரிசையில் நின்றிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அழுவதற்குக்கூட நேரம் இல்லை. இரண்டு துண்டையும் பாவாடையில் சுருட்டிக்கொண்டு முனைக்கடைக்கு ஓடினேன். அங்கே காய் விற்ற மராட்டிக்காரியை நாங்கள் மராட்டியிலேயே மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அவள் துண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். "ஏக்தம் தாஜா", ரொம்பப் புதுசு என்று முகம் மலர்ந்தாள். தாதர் மார்க்கெட்டிலிருந்து கூடையில் வந்து வாடிய காய்களுக்கு நடுவே, அப்போதுதான் விழுந்த காய் அவளுக்கு லாபம்தானே. தன் கூடையிலிருந்து ஏறக்குறைய அதே நீளத்தில் ஒரு முழுக் காயை எடுத்து என்னிடம் கொடுத்தாள். எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முக்காலி போட்டு ஏறி, அந்தக் காயைக் கொடியின் காம்போடு நூலால் கட்டினேன். நுனியில் பழைய சின்னக் கல்லையும் கட்டினேன். தினமும் சாயங்காலம் காயைத் தடவிப் பார்க்கிற அப்பா அன்று கொட்டுகிற மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தார். கடவுள் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, நானேதான் பறிப்பேன் என்று அடம் பிடித்தேன். தண்ணீர் ஊற்றிய பிள்ளை பறிப்பதுதான் நியாயம் என்று அப்பா கத்தியைக் கொடுத்தார். நூலுக்கு மேலே அறுத்து, நூலைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, காயை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து மழையில நனைஞ்சு கொஞ்சம் வெளுத்துப் போச்சு" என்று தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் பத்து மணிக்கு வந்தார்கள். பெரியப்பா துணிப்பையிலிருந்து புடலங்காயை எடுத்தபோது நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றின் நுனியில் நூல் இறுக்கிய தடம் பளிச்சென்று தெரிந்தது.

"முழுசா ஒண்ணு கேட்டேன். இதான் புதுசுன்னு அந்தப் பொம்பள கையில திணிச்சிட்டா. அரை விலைக்குக் கேட்டேன், கொடுத்துட்டா" என்று பெரியப்பா பெருமைப்பட்டார்.

அம்மா பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் போட்டு இரண்டையும் தனித்தனியாகக் கூட்டு வைத்தாள். இரண்டு அலுமினியக் கிண்ணங்களில் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். எது எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், அதாவது தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கதவருகே நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பெரியப்பா இரண்டிலும் ஒரு வாய் தின்றுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பெரியம்மாவும் தலையாட்டினாள். அப்பா மட்டும் அவசரப்படவில்லை. முதல் கிண்ணத்தில் ஒரு வாய். தண்ணீர் குடித்தார். இரண்டாவதில் ஒரு வாய். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி முதல் கிண்ணம், மறுபடி இரண்டாவது. பிறகு கண்ணைத் திறந்து, இரண்டாவது கிண்ணத்தை முன்னால் நகர்த்தினார்.

"இதான் நம்ம காய். சந்தேகமே இல்ல. என்னமா இனிக்கி!"

அம்மாவின் முகம் வாடியது. "அது உங்க அண்ணன் வாங்கிட்டு வந்ததுல்லா" என்று மெதுவாகச் சொன்னாள்.

பெரியப்பா சிரித்த சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வாசலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். மறுபடி ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தார் என்று நினைவு. அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அடியில்லாமல் தப்பித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு கிண்ணத்தையும் வழித்துத் தின்றது நான்தான். சும்மா சொல்லக்கூடாது, இரண்டாவது உண்மையிலேயே இனித்தது.

அன்று அந்தப் பந்தியில் சரியாகச் சொன்னவர் அப்பா ஒருவர்தான். அதை அவரிடம் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை போதும். முதுகில் நாலு வைத்திருப்பார், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்த ஒரு விளையாட்டில் யாருக்கும் எதுவும் போய்விடவில்லை என்றே நினைத்தேன்.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் அப்பா பந்தலைப் பிரித்தார். எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை ஒழிந்தது. அந்த இடத்தில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினேன். சந்தில் உயரமானவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. குழம்பில் ஒரு வாய் தின்றுவிட்டு, என் முகத்தைப் பார்ப்பார். "எப்படி இருக்கு மக்கா?" என்று கேட்பார். நான் சொன்ன பிறகுதான், "ஆமா, ஆமா" என்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கரண்டியோடு வந்து நின்றால், "பிள்ளைகிட்ட கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். சந்திலேயே பெரிய நாக்குக்காரர் என்னிடம் யோசனை கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, உப்பு குறைச்சல், புளி தூக்கல் என்று வருஷக்கணக்காகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.