விளக்கு வைப்பதற்குள் ஓர் ஓட்டம்

இரண்டு முட்டியிலும் தைலம் தடவிக்கொண்டு இந்த வாரத்துப் பத்தியை எழுதுகிறேன். நாற்காலியில் உட்காரும்போது ஒரு 'அம்மா', எழுந்திருக்கும்போது ஒரு 'அப்பா'. வீட்டில் யாருக்கும் என் மேல் இரக்கமில்லை.

என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஓடினேன்.

'நீரா?' என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. நியாயம்தான். மெட்ராஸில் எந்த மைதானத்தில் எந்த மேட்ச் நடந்தாலும் ஆஜராகிற ஆசாமி நான். ஹாக்கியா, வாலிபாலா, கால்பந்தா... பேதமே கிடையாது. ஆபீஸ் டிராயருக்குள் டிரான்சிஸ்டர் வைத்து கமென்ட்டரி கேட்டு மெமோ வாங்கியவன். ஆனால் இதெல்லாம் உட்கார்ந்து செய்கிற காரியங்கள். எங்கள் வீட்டில் ஓடுவது மகள் சித்ரா. பத்தாம் வகுப்பு. எண்ணூறு மீட்டர். நான் ஓரத்தில் ஸ்டாப் வாட்சும் கையுமாக நின்று தொண்டை கிழியக் கத்துவேன் — அவ்வளவுதான் என் பங்கு.

போன வாரம் சங்கரன்கோவில் போயிருந்தோம். என் மனைவியின் ஊர். அவளுடைய அண்ணன் சுப்பையா அங்கே விவசாயம் பார்க்கிறார். அவர்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழா. இந்த வருஷம் மச்சான் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். அவருடைய மனைவி போன வருஷம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாரா என்று இருந்து, பிழைத்து வந்தார். அதற்கான நேர்த்திக்கடன். இப்போது அந்த அம்மாள் எழுந்து நடமாடி எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். காப்புக் கட்டிவிட்டால், சட்டி எடுக்கிறவர் வீட்டில் இருப்பவர்கள் யாரும் விளக்கு வைத்த பிறகு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விருந்தாளிக்கும் இதே சட்டம்தான். எல்லையில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு சின்ன மாடம். பொழுது சாயும்போது சட்டி எடுக்கிறவரே போய் அதில் விளக்கு ஏற்றுவார். அந்த நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் வெளியே இருந்தாலும் விரதம் பழுது. சட்டியைத் தொட முடியாது.

காப்புக் கட்டிய மறுநாள் வந்தது ஒரு தந்தி.

தந்தி என்றதும் பிரிக்காமலே ஒப்பாரிக்குத் தயாரானாள் என் மனைவி. பிரித்தால் — சித்ராவின் பள்ளிக்கூடத்திலிருந்து. மாநில அணிக்கான தேர்வு ஓட்டம் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்களே, அதை மறுநாளைக்கே முன்னால் தள்ளிவிட்டார்களாம். இடம் மதுரை. நம் நாட்டில் எதையும் பின்னால்தானே தள்ளுவார்கள்? எனக்கென்று ஒரு முறை முன்னால் தள்ளினார்கள்.

சித்ராவோ ஒரு வருஷமாக விடியுமுன்னே எழுந்து ஓடியவள். தந்தியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றாள் மனைவி.

"இல்லை. ஓட்டமும் நடக்கும். சட்டியும் எடுப்பார்" என்றேன் நான்.

"எப்படி?"

அது எனக்கும் தெரியவில்லை. ஆனால் நடந்தே தீரும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மச்சான் கையில் காப்பாகக் கட்டியிருந்த மஞ்சளைத் தடவினார். "போய்ட்டு வாங்க மாப்ள. பிள்ளை ஆசையை நான் கெடுக்கலாமா? ஆனா விளக்கு வைக்கதுக்குள்ள வந்திரணும். வரலன்னா... நான் சட்டி எடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

"வந்துவிடுவோம் மச்சான்."

"நீங்க சொல்லுதீய. பஸ்காரன் சொல்லணும்லா?"

மறுநாள் விடிகாலை நானும் சித்ராவும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். மதுரையில் முற்பகலில் ஓட்டம். முதல் மூன்று பேருக்கு அணியில் இடம். சித்ரா நான்காவது. கடைசி வளைவு வரை மூன்றாவதாக வந்தவள்... ஒரு கை நீளம்தான் வித்தியாசம். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். ராஜபாளையம் தாண்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, என் ஸ்பைக்ஸ் ஷூவை எங்க ஸ்கூல் ரேவதிக்குக் கொடுத்துடுங்க. அவளுக்கும் என் சைஸ்தான்."

"ஏம்மா?"

"நான் இனிமே ஓடலை."

ஆயிரம் பேருக்கு நடுவே நின்று ரெஃப்ரீயோடு சண்டை போட்டிருக்கிறேன். சொந்த மகளுக்குப் பக்கத்து சீட்டிலோ, ஸ்பைக்ஸ் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் முடிவு அறிவித்து விடவே பிற்பகலாகி, நேர் பஸ் போய்விட்டதால் சிவகிரி சுற்றி வந்தோம். அங்கே மாறிய பஸ், ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது 'டொக்' என்றது. நின்றுவிட்டது.

"ஆக்ஸில் போய்ட்டு. இனி நகராது. எல்லாரும் எறங்கிருங்க" என்றார் கண்டக்டர்.

"வேறு பஸ்?"

"பின்னால ஒரு வண்டி வரும் அண்ணாச்சி. எப்ப வரும்னு கேக்காதீங்க."

மேற்கே பார்த்தேன். சூரியன் மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு மாட்டு வண்டி கூட இல்லை. எல்லையில் மச்சான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பார். அவருக்குப் பின்னால் பூசாரி. தெருவே நிற்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனுஷன் நேர்ந்துகொண்டது, ஒரு பஸ் ஆக்ஸிலால் போக வேண்டுமா?

முடியாது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டினேன். ஓட ஆரம்பித்தேன்.

"அப்பா! உங்களால முடியாதுப்பா!"

அவள் சொன்னது உண்மை. ஒரு பர்லாங்கு போவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. தொந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இத்தனை வருஷமாக 'ஸ்பீட்... ஸ்பீட்!' என்று ஓரத்தில் நின்று கத்தியிருக்கிறேனே, அந்தப் பிள்ளைகளெல்லாம் என்னை என்ன நினைத்திருப்பார்கள்? ஆடிக் காற்று மட்டும் முதுகில் கை வைத்துத் தள்ளியது. நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நிற்கவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். சித்ரா. என் பக்கத்தில் வந்தவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். தோளிலிருந்த பையைப் பிடுங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"வாயால மூச்சு விடாதீங்க. கையைத் தொங்க விடுங்க. நான் முன்னால போய்ச் சொல்றேன். நீங்க நிக்காம வாங்க!"

சொல்லிவிட்டுப் பறந்தாள். மதுரையில் பார்க்காத ஓட்டம் ஐயா அது! ஸ்டாப் வாட்ச் பையோடு போய்விட்டது. பார்த்தது என் இரண்டு கண்கள் மட்டும்.

வேப்பமரம் தூரத்தில் தெரிந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. மாடத்தடியில் ஒரு பொறி தெரிந்து அணைந்தது. 'போச்சு, விளக்கு வைத்துவிட்டார்' என்று நினைத்தேன். இல்லை... மறுபடி ஒரு பொறி. அதுவும் அணைந்தது. மறுபடி ஒன்று.

கிட்டே போகப் போகப் புரிந்தது. மச்சான் தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தார். சித்ரா எல்லைக்கு உள்ளே நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "கமான்ப்பா! கமான்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். என் குரலில், என் பாணியில்.

"என்னவே சுப்பையா, ஒரு விளக்குப் பொருத்த இம்புட்டு நேரமா?" என்றார் பூசாரி.

"காத்துல்லா அடிக்கி! நான் என்ன செய்ய?" என்றபடி இன்னொரு குச்சியை உரசினார் மச்சான்.

அப்போதுதான் கவனித்தேன். காற்றைப் பார்த்து நின்றுகொண்டு, கையைக் கூடக் குவிக்காமல் உரசுகிறார். பிறந்ததிலிருந்து ஆடிக் காற்றிலேயே பீடி பற்றவைத்த மனுஷன்!

வேப்பமரத்தடி எல்லைக் கல்லைத் தாண்டி விழுந்தேன். உண்மையாகவே விழுந்தேன், முட்டிக்குக் காரணம் அதுதான்.

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். நிதானமாகத் திரும்பி, காற்றுக்கு முதுகைக் காட்டி, கையைக் குவித்தார். ஒரே குச்சி. விளக்கு நின்று எரிந்தது.

மாடத்தடியில் கிடந்த தீக்குச்சிகளைப் பார்த்துவிட்டுப் பூசாரி மணியடித்தார். மச்சானின் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மச்சான் சட்டி எடுத்தார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். கூட்டத்தில் சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்: "அப்பா, அந்த ஸ்பைக்ஸ்... ரேவதிக்குக் கொடுக்க வேணாம்."

தைலம் மணக்க மணக்க நானும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். முட்டி சரியானதும் தினமும் காலையில் அவளோடு ஓடப் போகிறேன். சிரியுங்கள், பரவாயில்லை — ஒவ்வொரு கொடைக்கும் மச்சானை எத்தனை தீக்குச்சிதான் வீணாக்கச் சொல்வது?