ஊற்றைச் சுற்றிப் போன சிமெண்டு ரோடு

மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் நம் சிமெண்டு ரோடு, பனங்காட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஏன் இடது கைப் பக்கம் ஒதுங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது என்று போன வாரம் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கேட்டீர்கள். "யாரு நெலமாச்சும் குறுக்க இருந்துச்சாய்யா?" என்றாள் சின்னவள். நான் சிரித்ததோடு சரி. அது வளைந்து போனதற்குக் காரணம் உங்கள் அம்மா. நேராகத்தான் போக வேண்டும் என்று முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டையும் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வார்டு மெம்பருக்கு நின்றபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவனை எதற்கு நிற்கச் சொன்னார்கள் என்றால், கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறவன் என்ற ஒரே காரணம்தான். நான் கொடுத்த வாக்கும் ஒன்றே ஒன்று: கரை வரைக்கும் ரோடு. அப்போதெல்லாம் ஐஸ் ஏற்றி வரும் வேன் மணலில் புதைந்துவிடும். டயருக்கு அடியில் பனை ஓலையைப் போட்டு நாலு பேர் தள்ளி அது கரைக்கு வருவதற்குள் பாதி ஐஸ் ஒழுகியிருக்கும். நல்ல மீன் பட்டும், ஐஸ் இல்லாமல் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் ரோடு என்பது எனக்கு வெறும் வாக்கு இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர் ஒரு அக்கா. கறாரான ஆள். பஸ் நிற்கிற இடத்தில் நிழற்குடை கட்டியபோது, மெம்பர்கள் பேரையெல்லாம் பெரிய எழுத்தில் போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நானும் கேட்டேன், மறைக்கவில்லை. அவர், "பேரு சின்னதா இருக்கட்டும், கூரை பெருசா இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். இன்றைக்கும் மழை வந்தால் ஊரில் பாதி அதற்குள்தான் நிற்கிறது. பேரைப் படிக்கக் கிட்டத்தில் போக வேண்டும்.

அந்த அக்கா யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்து ரோட்டுக்கு அனுமதி வாங்கினார். ஓவர்சீயர் வந்து டேப் பிடித்து அளந்தார். நேர்கோடு போட்டால் அது பனங்காட்டுப் பள்ளத்து ஊற்றின் மேலேயே போனது. இடுப்பளவுக்கு மணலைத் தோண்டி, அடியில் சுரக்கிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்களே, அந்த ஊற்று. "இத இன்னும் யாரும் உபயோகப்படுத்துறாங்களா?" என்று ஓவர்சீயர் கேட்டார். "பைப்பு வந்தப்பறம் இதுல யாரு சார் மொள்ளுறா" என்றேன். என்னோடு நின்ற எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நின்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ரோடு நேராகவே போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நம் ஊரில் ஊற்றுக்குப் போவது பெண்கள். ஆண்கள் கடலிலிருந்து திரும்புவதற்குள் அவர்கள் போய் வந்துவிடுவார்கள். நாங்கள் பார்ப்பது அடுப்படியில் மூடி வைத்த குடத்தை மட்டும்தான். அது எங்கே நிறைந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சங்கதி உங்கள் அம்மா காதுக்கு அன்றைக்கே போய்விட்டது. சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"தூளை மாத்திட்டியா?"

"தூளு அதே தூளுதான். பைப்புத் தண்ணி. ரோடு வந்தப்பறம் இதுதான, இப்பவே பழகிக்கிருங்க."

மூன்று நாள் அந்த டீதான். சோறும் பழுப்பு நிறத்தில் வெந்தது. நாலாம் நாள் காலையில் நான் ஊற்றுக்குப் போனேன். குடங்கள் வரிசையாக இருந்தன. பாதிக் குடங்களுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. குடத்தை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள், யாரும் யாருடைய குடத்தையும் நகர்த்தவில்லை. ஒருத்தி பள்ளத்துக்குள் குனிந்து, மணல் கலங்காமல் சிரட்டையைச் சாய்த்துச் சாய்த்து மொண்டாள். நான் விளிம்புக்குப் போனதும் பின்னாலிருந்து ஒரு குரல், "மெம்பரு செருப்பைக் கழட்டிட்டு வரட்டும்." கழற்றிவிட்டு நின்றேன். உங்கள் அம்மா வரிசையில் நாலாவதாக நின்றாள். என்னைத் தெரியாத மாதிரி பார்த்தாள்.

ஓவர்சீயருக்குப் போன் போட்டேன். ஊற்றைக் கொஞ்சம் தள்ளித் தோண்டிக்கொள்ளலாமே என்றார். நியாயமாகத்தான் பட்டது. மண்வெட்டியோடு போய் மூன்று இடத்தில் தோண்டினேன். கடல் பக்கம் தோண்டியது வாயில் வைக்க முடியாமல் கரித்தது. மற்ற இரண்டும் சவர்த்தண்ணீர், கால் கழுவத்தான் ஆகும். நல்ல தண்ணீர் அந்த ஒரு பள்ளத்தில்தான் இருந்தது.

அப்படியென்றால் ரோட்டை மாற்ற வேண்டும். மாற்றினால் எஸ்டிமேட்டைத் திரும்பப் போட வேண்டும், அதற்குள் இந்த வருடத்து வேலை வேறு ஊருக்குப் போனாலும் போய்விடும் என்றார் ஓவர்சீயர். தலைவர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க போட்ட கையெழுத்து. நீங்களே கிராம சபையில எந்திரிச்சுச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் பதினைந்து, கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு கிராம சபை. எழுந்து நின்று, தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ரோட்டை மாற்ற வேண்டும் என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. "மெம்பரு பொண்டாட்டிக்குப் பயந்துட்டாருப்பா" என்றார் ஒருவர். பெண்கள் பக்கமிருந்து உங்கள் அம்மா எழுந்தாள்.

"பயந்தா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பயந்திருக்கணும்."

சிரிப்பு அடங்கியதும் தலைவர் அக்கா வள்ளக்காரர்களைப் பார்த்து, கடலுக்குக் கேனில் கொண்டுபோகிற தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்டார். "வீட்டுல நெறச்சு வச்சிருப்பாக" என்றார் ஒரு வள்ளக்காரர். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அப்புறம் அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. "ரோடு இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் கேட்டு வாங்கிருவேன். ஊத்தை எந்த ஆபீசுல போயிக் கேக்குறது?"

சுற்றிப் போனால் அதே பணத்தில் ரோடு கரை வரைக்கும் எட்டாது, வலை காயப்போடுகிற இடத்தோடு நின்றுவிடும் என்பதையும் நான் சொன்னேன். மறைத்தால் இரண்டாவது தப்பாகும். கேன் விஷயத்தில் மாட்டிய அதே வள்ளக்காரர்தான் கடைசியில், "அங்கன இருந்து ஐஸைத் தூக்கிக்கிருவோம்" என்றார். மற்றவர்களும் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் எழுதியானது.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. ஓவர்சீயர் முதலில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துபோனது. வேன் புதையும்போதெல்லாம் தள்ளுகிறவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள், நானும் போய்த் தள்ளினேன். வர இருந்த ரோட்டையும் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். மாரி மழை விட்டு ஒரு காலையில் ஓவர்சீயர் டேப்போடு வந்து இறங்கினார். பள்ளத்துப் பக்கம் வந்ததும் அவரே செருப்பைக் கழற்றினார். எவ்வளவு தூரம் ஒதுங்க வேண்டும் என்று பெண்கள் நடந்து காட்டினார்கள். அவர்கள் கால் தடத்தின் மேல்தான் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

இப்போது நான் மெம்பர் இல்லை. பொதுப்பணத்தில் என்ன கட்டலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்த இடத்தில் தினமும் நடக்கிறவர்களை முதலில் கேளுங்கள் என்பேன். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மூன்று நாள் டீயில் தெரிந்துகொண்டேன். கரைக்குப் போகிற கடைசித் துண்டு இன்னும் மணல்தான். ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து கேட்கிறேன். போன தடவை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பாட்டிலில் இருப்பது அந்தத் தண்ணீர். லீவில் ஒருநாள் குடத்தோடு போய் வாருங்கள், பெரியவனே, நீயும்தான். நான் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். இன்னும் மணலைக் கலக்கிவிடுகிறேன் என்று உங்கள் அம்மா சொல்கிறாள்.