கூட்ஸ் லைன் கூட்டங்களுக்கு மைக் செட் போட்ட கதை

ஒரே தெரு, இரண்டு கூட்டம்

ஒரே மாலைக்கு இரண்டு புக்கிங் எடுப்பது மைக் செட் தொழிலில் சகஜம். இரண்டும் ஒரே தெருவில், ஒன்றுக்கு எதிராக இன்னொன்று என்று அமைவதுதான் அபூர்வம். எனக்கு அமைந்தது.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். பேரைச் சொல்லவில்லை, இதில் வருகிற இரண்டு தலைவர்களும் இன்னும் என் கஸ்டமர்கள். திண்டிவனத்திலிருந்து எங்கள் ஊர் வரை முன்பு ஒரு கூட்ஸ் லைன் இருந்தது. உப்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் அதில் போகும். லாரிகள் பெருகியதும் கூட்ஸ் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் மேல் சீமைக் கருவேலம் மண்டியது. கருவேலத்தை வெட்டிவிட்டு மாட்டுக் கொட்டகை, நெல் காயப்போடும் களம், கடை என்று ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள். கூட்ஸ் ஷெட் கல் கட்டடம் என்பதால் அப்படியே நின்றது. அதற்குள் அஞ்சலையக்கா இட்லிக் கடை வைத்திருந்தார்.

அந்த லைனை மறுபடியும் திறக்கலாமா என்று ரயில்வேக்காரர்கள் யோசிப்பதாகப் பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. யோசிப்பதாகத்தான் வந்தது. அந்த வாரமே ஊரில் இரண்டு குழுக்கள் தயார். திறக்க வேண்டும் என்கிற மீட்புக் குழுவுக்கு அரிசி ஆலை முதலாளி பரமசிவம் தலைவர். திறக்கக் கூடாது என்கிற எதிர்ப்புக் குழுவுக்கு லாரி முதலாளி தனபால் தலைவர்.

பரமசிவம்தான் முதலில் கடைக்கு வந்தார்.

"ஏழுமல, நாயித்துக்கெழம சாயங்காலம் கூட்டம். பாக்ஸ் நல்லா கத்தணும். திண்டிவனத்துல ஒக்காந்துக்கினு இருக்கிற ஆபீசருக்கு கேக்கணும்."

"அவ்ளோ தூரத்துக்கு கேக்காதுங்க மொதலாளி."

"எக்கோ போட்டு விடுய்யா."

அவர் போன சற்று நேரத்தில் தனபால் வந்தார். "பரமசிவம் எத்தினி பாக்ஸ் கேட்டாரு?" என்றார். சொன்னேன். "நமக்கு ஒண்ணு கூட வை" என்றார்.

கூட்டம் நடந்தது. தெருவின் மேற்கு முனையில் மீட்பு, கிழக்கு முனையில் எதிர்ப்பு. நடுவில் வீடு வைத்திருந்தவர்கள் பாவம். இந்தக் காதில், "ரயில் வந்தால் நம் பிள்ளைகளுக்கு" என்று விழும். அந்தக் காதில், "மூச்சுத்திணறல்தான் மிச்சம்" என்று முடியும். என் தம்பி ஒரு முனையில் ஆம்ப்ளிஃபையர் பார்த்தான், நான் இன்னொரு முனையில். அந்தப் பக்கம் சத்தம் கூடினால் இந்தப் பக்கத் தலைவர் என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்குவார். நான் ஏற்றுவேன். உடனே தம்பியும் ஏற்றுவான். கடைசியில் இரண்டு பக்கமும் பேச்சு போய் 'கூய்' என்ற கத்தல்தான் மிஞ்சியது. அதற்கும் கை தட்டினார்கள்.

பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீ எந்தப் பக்கம்யா?"

"கரண்ட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சார்."

தொழிலுக்கு அதுதான் சரியான பதில். மைக் செட்காரன் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, கை தட்டவே கூடாது.

இட்லிக் கடையில் பொதுக்குழு

கூட்டம் இல்லாத நாட்களில் இரண்டு குழுவும் அஞ்சலையக்கா கடையில்தான் கூடும். பரமசிவம் ஆட்கள் தின்றுவிட்டுப் போனதும் தனபால் ஆட்கள் வருவார்கள். கும்பல் அதிகமானால் இரண்டு குழுவும் ஒரே பெஞ்சில். சாப்பிடும்போது சண்டை கிடையாது. ஒருவருக்கு ஒருவர் சாம்பார் வாளியை நகர்த்துவார்கள்.

"ரயில் வரட்டும் அஞ்சல. இந்த எடத்துல உனக்கு கேன்டீன் புடிச்சித் தர்றேன். கண்ணாடி பொட்டி வச்சி வியாபாரம் பண்ணு" என்பார் பரமசிவம்.

"ரயில் வந்தா மொதல்ல உன் கடையத்தான் ஒடைப்பான். நாங்க இருக்கோம், உடமாட்டோம்" என்பார் தனபால்.

அக்கா இருவருக்கும், "சரிங்க" என்பார். புருஷன் இல்லை. ஒரே மகளை விழுப்புரத்தில் நர்சிங் சேர்த்திருந்தார். அந்த ஷெட்டின் கல் தரையும் நிழலும்தான் அவருடைய முதல். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"நீதான் ரெண்டு கூட்டத்துலயும் நிக்கிறியே, கூட்ஸ் வருமா வராதா?"

"எனக்கு பேஸு, ட்ரெபிள் ரெண்டுந்தான் தெரியும்க்கா."

"எனக்கு இங்க இருக்கலாமா போவணுமான்னு தெரிஞ்சா போதும்டா. ரெண்டு பேருமே எனக்காவத்தான் பேசறோம்றாங்க. எங்கிட்ட மட்டும் யாரும் பேச மாட்றாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கருத்துக் கேட்பு

அப்புறம் அரசாங்கமே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். ரயில்வேயிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார், வயது குறைவு, குரலும் மெல்லியது. செட் என்னுடையது.

முதலில் மீட்புக் குழு. ஒருவர் எழுந்து, ரயில் எங்கள் ஊரில் கட்டாயம் நிற்க வேண்டும், லேடீஸ் பெட்டி வேண்டும் என்றார்.

"ஐயா, இது கூட்ஸ் லைன். ஆளுங்க ஏற முடியாது" என்றார் அதிகாரி.

அடுத்தவர் எழுந்தார். லேடீஸ் பெட்டி போதாது, சீனியர் சிட்டிசனுக்கும் தனியாக வேண்டும் என்றார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

எதிர்ப்புக் குழுவிலிருந்து ஒருவர், ஹாரன் சத்தத்தில் மாடு பால் சுரக்காது என்றார். மண்டபத்துக்கு வெளியே தனபாலின் லாரி ஆட்களை இறக்கிவிட்டு ஏர்ஹாரன் அடித்தபடி திரும்பிக்கொண்டிருந்தது. அது அடங்கும் வரை நிறுத்தி, பிறகு மாட்டைத் தொடர்ந்தார்.

மதியம் ஆயிற்று. பிரியாணி வாசனை வந்தது. கூட்டம் கலையும் நேரத்தில் அஞ்சலையக்கா மைக்கை நோக்கி நடந்து வந்தார். பரமசிவம் என்னைப் பார்த்து விரலால் கத்தரிக்கோல் காட்டினார். அந்தப் பக்கம் பார்த்தேன். தனபாலும் அதையே காட்டிக்கொண்டிருந்தார். முதன்முதலாக இரண்டு குழுவும் ஒரே தீர்மானம். அன்றைய புக்கிங் அதிகாரியுடையது, அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நான் வயரைத் தொடவில்லை.

"வணக்கம்மா. நான் கூட்ஸ் செட்டுல கடை வச்சிக்கினு இருக்கேன். கூட்ஸ் வந்தா அதுல இன்னா ஏத்திக்கினு போவாங்க?"

அத்தனை மாதமாக அத்தனை மைக்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

"அரிசி" என்று எழுந்தார் பரமசிவம். "என் ஆலை அரிசி."

"உன் அரிசி என் லாரிலதான போவுது" என்றார் தனபால்.

மண்டபம் சிரித்தது. பரமசிவத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அது டோர் டெலிவரிய்யா. ரயிலு கடை வாசலுக்கு வருமா?" என்றார். சொன்ன பிறகுதான் எந்தப் பக்கம் பேசினோம் என்று அவருக்குத் தெரிந்தது. அதோடு நாற்காலிகள் நகர்ந்தன. இரண்டு பக்கமும் எழுந்து நின்று கையை நீட்டிப் பேசினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அதிகாரி அக்காவுக்கு மட்டும் பதில் சொன்னார். மைக்கில்தான் சொன்னார். அவருக்காக வால்யூமை ஏற்றிவைத்தேன்.

"திறக்கிறதா இல்லையான்னு இன்னும் முடிவாகலைம்மா. ஆனா ரயில்வே நிலத்தை அளந்து கல் போடப்போறோம். அது முடிவாயிடுச்சு. நீங்க வேற இடம் பாத்துக்கிறது நல்லது."

"அத சொன்னா போதும்மா" என்றார் அக்கா. கும்பிட்டுவிட்டு நடந்து போனார். மற்றவர்கள் டோர் டெலிவரியிலேயே நின்றார்கள்.

அடுத்த வாரம் என் டெம்போவில் கிரைண்டர், பெஞ்சு, இட்லிச் சட்டி எல்லாம் ஏற்றினோம். என் கடைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் தகரம் போட்டார். வண்டி கிளம்பும்போது அக்கா ஷெட்டுக்குள் திரும்பிப் போனார். ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தரையை ஒரு முறை கூட்டிவிட்டு வந்தார்.

அளக்க வந்தார்கள்

மழைக்காலம் முடிந்து அளக்க வந்தார்கள். கல் எங்கெங்கே விழுந்தது என்பது ஊருக்கே வேடிக்கை. ஒன்று பரமசிவத்தின் நெல் களத்துக்கு நடுவில். ஒன்று தனபாலின் லாரி ஷெட்டுக்கு உள்ளே, டயர் கழற்றும் இடத்தில். காலி செய்யச் சொல்லி இருவருக்கும் நோட்டீஸ் வந்தது. கூட்ஸ் ஷெட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள், உள்ளே காலி செய்ய யாரும் இல்லை.

இரண்டு முதலாளிகளும் சேர்ந்தே என் கடைக்கு வந்தார்கள். இரண்டு குழுவையும் கலைத்துவிட்டு, பட்டா கேட்டு ஒரே குழு ஆரம்பித்திருந்தார்கள்.

"இப்டி அளப்பாங்கன்னு ஒரு வார்த்த யாரும் சொல்லலியே. ஒரே பேஜாரா பூடுச்சி" என்றார் பரமசிவம்.

"மண்டபத்துல அந்தம்மா மைக்லயே சொன்னாங்களே மொதலாளி."

தனபால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மைக்ல ஆயிரம் சொல்வாங்க ஏழுமல. அதெல்லாம் யாரு கேக்கறது?"

நான் புக்கிங்கை எடுத்துக்கொண்டேன். அவர்கள் பக்கத்துக் கடையில் இட்லி தின்றார்கள். இருவரும் கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டார்கள், களமும் ஷெட்டும் நிற்கின்றன. லைனைத் திறப்பது பற்றி இன்னும் ஆய்வு நடக்கிறதாம். அக்காவுக்கு முன்பிருந்த வியாபாரம் இல்லை. தகரத்துக்கு அடியில் உச்சி வெயிலில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். மகள் இந்த வருஷம் படிப்பை முடிக்கிறாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தலைவர் நன்றி சொன்னதும் ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணிவிட்டு வயரைச் சுருட்டாதீர்கள். பின்வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்துகொண்டிருப்பார். அவருக்கு மேடைப் பழக்கம் இருக்காது, மைக்கைத் தள்ளிப் பிடிப்பார். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.