கோயர்ஷன் என்றால்

"கோயர்ஷன் எதுவும் உண்டா என்று கேளுங்கள்" என்றார் டாக்டர், எழுதுவதை நிறுத்தாமலே.

துபாஷி எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள். "யாராவது உன்னக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

மருத்துவமனையில் அவளுக்குத் துபாஷி என்றே பெயர் விழுந்துவிட்டது. டாக்டருக்குத் தமிழ் வராது, வருகிறவர்களுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் ஒரு நாற்காலி, அதில் இவள். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது அந்த நாற்காலிதான். "அம்மாகிட்ட ரகசியம் சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணு" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள்.

சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களைத் தனியறையில் உட்காரவைத்து இதைக் கேட்டாக வேண்டும். "சே, அதெல்லாம் இல்ல" என்பார்கள். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போவார்.

அண்ணனுக்குக் கொடுக்க வந்த இந்தத் தங்கை அப்படிச் சொல்லவில்லை.

"கட்டாயம்னா என்னக்கா? அடிக்கிறதா?"

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்தார். மெதுவாக விளக்கினார்.

"அடிக்கணும்னு இல்லம்மா" என்றாள் துபாஷி. "மாட்டேன்னு சொல்ல வழியே இல்லாமப் பண்ணிட்டா, அதுவும் அதுதானாம்."

தங்கை மூடியிருந்த கதவைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் அவள் அம்மா.

"அண்ணன் ஒரு வார்த்த கேக்கல, பாவம். அம்மாதான் எங்கூடப் பேசுறத விட்டுட்டாங்க. தட்ட வச்சிட்டுப் போயிடுவாங்க. சரின்னு சொன்ன அன்னிக்குத்தான் கூப்பிட்டு உக்கார வச்சுத் தல வாரி விட்டாங்க." குரல் இறங்கியது. "பயமா இருக்குக்கா. இத அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

டாக்டர் துபாஷியைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை. அந்த நாற்காலியில் இதற்கு முன் அவள் அப்படி இருந்ததில்லை.

"நீ வேணாம்னா சொல்லல" என்றாள். "சொல்லச் சொன்னா சொல்றேன். உன் இஷ்டம்."

"அண்ணன் செத்துட்டா?"

"எனக்குத் தெரியலம்மா."

தங்கை துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"சொல்லுங்க."

துபாஷி சொன்னாள். தலை வாரியதைச் சொல்லும்போது மட்டும் ஆங்கிலம் தடுக்கியது. டாக்டர் பேனாவை மூடினார். வீட்டாரிடம் காரணம் சொல்வதில்லை, பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வோம் என்றார். அதையும் தங்கையிடம் சொன்னாள்.

மறுநாள் காலை, டாக்டர் நடைக்கூடத்தில் வீட்டாரிடம் பொருந்தவில்லை என்றார். துபாஷி தமிழில் சொன்னாள்.

"முந்தாநேத்து பொருந்துதுன்னாங்களே" என்றாள் அம்மா.

துபாஷி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் முன்பு சொன்னதையே சொன்னார். அவளும் அதையே சொன்னாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மகளைப் பார்க்கவில்லை. அண்ணனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனார்கள். தங்கை அவன் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கண் பிரிவிலிருந்து துபாஷிக்கு ஆள் வந்தது. போனாள்.